பதினோரு நாள் கொடுக்காத கடிதம்

அந்தக் கடிதம் வந்தபோது கரண்ட் போயிருந்தது. கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அப்போது நான் ஒரு கடை வைத்திருந்தேன். ஜெராக்ஸ், ஃபேக்ஸ், டைப்பிங் எல்லாம் ஒரே அறையில். கரண்ட் இல்லாவிட்டால் எனக்கு வேலை இருக்காது, ஆனால் கை சும்மா இருக்காது. பேப்பர் கட்டை அடுக்குவேன், கலைப்பேன், திரும்பவும் அடுக்குவேன். அப்படி அடுக்கிக்கொண்டிருந்தபோது தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, “கனடாத் தபாலம்மா, கையெழுத்துப் போடு” என்றார். தடித்த வெள்ளை உறை. கண்ணாடித்தாள் ஒட்டிய இடத்தில் அக்காவின் பெயரும், கீழே என் கடை விலாசமும் தெரிந்தன. வீட்டுக் கதவு எண்ணை நகராட்சி மாற்றிக்கொண்டே இருந்ததால், கடை விலாசத்தையே போடு என்று அக்காதான் சொல்லியிருந்தாள். இது 2007இல்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நர்ஸ். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தினமும் காலை ஆறு மணி பஸ்ஸில் போய்வந்தாள். அவளுக்கு உட்காரவே தெரியாது. நின்றுகொண்டு சாப்பிடுவாள், நடந்துகொண்டு பல் தேய்ப்பாள். முப்பத்தொரு வயது. நிச்சயம் வரைக்கும் வந்த ஒரு சம்பந்தம், “கல்யாணத்துக்கு அப்புறம் நைட் டூட்டி பார்க்கக் கூடாது” என்ற பேச்சில் நின்றுபோனது. “என் டூட்டிய வேணாம்னவுகள எனக்கும் வேணாம்” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே டூட்டிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் கனடா என்ற பேச்சை எடுத்தாள். அந்த நாட்டின் நடுவில் இருக்கும் ஒரு மாகாணத்தில், சிறிய ஊர்களின் முதியோர் இல்லங்களுக்கு நர்ஸ் கிடைக்கவில்லையாம். ஓர் இல்லம் இவளுக்கு வேலை தருவதாக எழுதிக் கொடுத்திருந்தது. ஆனால் நேராக விசா கேட்டுவிட முடியாது. ‘இவரை எங்கள் மாகாணத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்’ என்று முதலில் அந்த மாகாணம் ஒப்புதல் தரவேண்டும். அந்த ஒப்புதல் வந்தால்தான் மற்றதெல்லாம். இல்லமோ வருடக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்போம் என்று சொல்லியிருந்தது. அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான்.

விண்ணப்பத்தை நிரப்பியவள் நான். நாற்பத்து மூன்று பக்கம். மாகாணத்திலிருந்து வந்ததாயிற்றே, பிரித்துப் பார்க்கக் கூடாதா என்ற உரிமையில் உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரே ஒரு தாள். அக்கா மூன்று வருடம் கேரளத்தில், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்ததாகச் சான்றிதழ் கொடுத்திருக்கிறாள். ஆனால் பத்து வருட இருப்பிடப் பட்டியலில் தமிழ்நாட்டின் கம்பம் தவிர வேறு ஊரே இல்லை. ஒருவர் ஒரு மாநிலத்தில் குடியிருந்துகொண்டு இன்னொரு மாநிலத்தில் முழுநேர வேலை பார்த்தது எப்படி? இந்தத் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் ஆதாரத்தோடு விளக்கவேண்டும், தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். தேதியைப் பார்த்தேன். ஒன்பது நாள் தபாலிலேயே போயிருந்தது.

பாவி, அந்தத் தப்பைச் செய்தவளும் நான்தான். அக்கா அந்த மூன்று வருடமும் தோட்டத்துக் குவார்ட்டர்ஸில்தான் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜீப்பில் இறங்கி வருவாள். பட்டியலை நிரப்பும்போது நான் அதை மறைக்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. கம்பத்தில் யாருக்கும் தோன்றாது. விடியற்காலையில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறிக் கேரளத் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போவார்கள். எங்களைப் பெற்ற அத்தாவும் சீசனில் மாதக்கணக்காக அங்கேயே கிடப்பார்கள். கேட்டால், “அத்தா மலைக்குப் போயிருக்காக” என்போம். வயலுக்குப் போயிருப்பதாகச் சொல்வது போலத்தான். ரேஷன் கார்டு கீழே, ஓட்டு கீழே, பள்ளிவாசல் கீழே, பெண் பார்க்க வருவது கீழே. மேலே பத்து வருடம் படுத்து எழுந்தவரும் நான் கம்பத்தில் இருக்கிறேன் என்றுதான் சொல்வார். மலை எங்களுக்குப் போகிற இடமே தவிர இருக்கிற இடம் இல்லை. கனடாவில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். அக்கா வந்ததும் கொடுக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் ஏழு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி, வழக்கம்போலக் கடைவாசலில் நின்று, “ஏதும் வந்துச்சாடி?” என்றாள். “இல்லக்கா” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் உறையை எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் ஆஸ்பத்திரிக் கதை ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மவுத்தாகி, அடக்கம் முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அவர்களைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, தொழ உட்கார வைத்துவிட்டுத்தான் அக்கா பஸ் ஏறுவாள். பகலில் நான் கடையைப் பாதி சாத்திவிட்டுப் போய்ப் பார்த்துக்கொள்வேன். அந்த மாதம்தான் எனக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை அச்சகம் வைத்திருந்தார். ஃபோட்டோவில் சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருந்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அக்கா போய்விட்டால் நான் போகமுடியாது. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. எனக்கு அந்த ஊரை விட்டுப் போகவேண்டும் என்று வெறியே இருந்தது. அவளும் அப்படித்தான் தவிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் வைத்திருந்தேன். முப்பது நாள் தாண்டினால் தானாகவே முடிந்துவிடும், நான் ஒன்றும் செய்யவேண்டாம் என்று கணக்குப் போட்டேன். அப்படி நினைத்ததை இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த நாட்களில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டைப் செய்யும்போது பக்கம் பக்கமாகத் தப்பு. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு வாத்தியாரிடம் சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தேன். உறையைக் கார்பன் தாள் டப்பாவுக்கு அடியில் வைத்தேன், பிறகு பழைய நோட்டுகளுக்கு நடுவில், பிறகு என் கைப்பையில். அக்கா மூன்று நாள் தொடர்ந்து கேட்டாள். நான்காம் நாளிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டாள். “கடையச் சாத்து, போவோம்” என்பதோடு சரி. நம்பிக்கை போய்விட்டது போல என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். ஆனால் அவள் கேட்டபோது பொய் சொன்னதைவிட, கேட்காமல் நின்றது எனக்கு வேதனையாக இருந்தது.

பதினோராம் நாள் அவள் சீக்கிரமே வந்தாள். ஒரு தாளை நீட்டி, “இத டைப் பண்ணிக் குடு, நாளைக்கு ஆபீஸ்ல குடுக்கணும்” என்றாள். தேனி ஆஸ்பத்திரியில் வார்டு பொறுப்பு தருகிறார்களாம். அதற்கு ஒப்பந்தம்: ஐந்து வருடம் வேறு எங்கும் போகமாட்டேன். எதிர் ஸ்டூலில் அமர்ந்து அவளே ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ‘ஐந்து வருட காலத்துக்கு’ என்பது வரைக்கும் அடித்தேன். அதற்குமேல் விரல் ஓடவில்லை. “என்னடி, கரண்டு இருக்குல்ல?” என்றாள். கைப்பையைத் திறந்து உறையை அவள் மடியில் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன்.

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். “இன்னும் பத்து நாள் இருக்கு” என்று மட்டும் சொன்னாள். பிறகு, “மூஞ்சியக் கழுவிட்டு வா, மதுரைக்கு ஃபோனப் போடு” என்றாள்.

மதுரையில் எங்களுக்கு ஆலோசனை சொன்ன ஏஜெண்ட் இதைக் கேட்டுச் சிரித்தார். “இது ஒரு விசயமா மேடம்? தினம் ஜீப்ல போய்ட்டு வந்தேன்னு ஒரே வரி எழுதிருங்க. தூரமும் கம்மிதான, நம்பிருவாங்க” என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஊரில் ஆயிரம் பேர் தினம் போய்வருகிறார்களே, அக்காவும் அப்படிப் போய்வந்ததாகச் சொன்னால் யார் மறுப்பார்கள்? அக்கா ரிசீவரை வாங்கினாள். “ஏங்க, அங்கன நான் பாத்த பிரசவம் எல்லாம் ராத்திரிப் பிரசவம். விடியிற வரைக்கும் ஒரு தாயோட கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன். அத எந்த ஜீப்புல போய்ப் பாத்தேன்னு எழுதச் சொல்றீக?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். “போகலைன்னா போகல. நான் இருந்தது பொய்யின்னு எழுதிக் குடுத்துட்டுப் போகமாட்டேன்” என்றாள்.

மறுநாள் காலை இருவரும் மலை ஏறினோம். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போனதில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்குக் குமட்டியது. தோட்டத்து ஆபீஸில் அக்கா காலத்து மானேஜர் மாறிப்போயிருந்தார். நல்லவேளை, பழைய மலையாளிக் கிளார்க் இருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். “எந்தா சிஸ்டர், சுகம்தானே?” என்றார். விஷயத்தைச் சொன்னதும், குவார்ட்டர்ஸ் பதிவேட்டை அலமாரியின் அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டினார். அக்காவின் பெயர், அறை எண், சாவி வாங்கிய கையெழுத்து, திருப்பிக் கொடுத்த கையெழுத்து எல்லாம் இருந்தன. “உங்க ஆளுக இங்கே கிடக்கும், ஆனா கேட்டா இங்கே இல்லான்னு பறயும்” என்று சிரித்தார். அந்தப் பக்கத்துக்கு நகல் எடுத்து, மூன்று வருடம் இங்கே குடியிருந்தார் என்று தோட்டத்து முத்திரையோடு கடிதமும் கொடுத்தார். ஆபீஸ் வாசலில் ஒரு பெண் தன் மகளை இழுத்துவந்து அக்காவுக்குக் காட்டினாள். அக்கா கையில் பிறந்த பிள்ளை. அக்கா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விளக்கக் கடிதத்தை அக்கா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். எங்கள் ஊரில் மலையில் தங்குவதை யாரும் குடியிருப்பதாகக் கருதுவதில்லை, என் குடும்பமும் அப்படியே நினைத்துவிட்டது, தவறு எங்களுடையது என்று எழுதினோம். கெடு முடிய எட்டு நாள் இருக்கும்போது ஃபேக்ஸ் போனது. லைன் கிடைக்காமல் எத்தனை முறை அழுத்தினேன் என்று நினைவில்லை. ஆறு வாரத்தில் ஒப்புதல் வந்தது. இந்த முறை உறையைப் பிரிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கே ஓடிப்போய் அவள் கையில் கொடுத்தேன்.

அடுத்த வருடம் அவள் கிளம்பினாள். அத்தாவைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். கோயம்புத்தூர்க்காரர்கள் சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் முடித்துக்கொண்டார்கள். அத்தாவைக் குளிப்பாட்டவும் மழிக்கவும் நான் கற்றுக்கொண்டேன்; முதல் முறை தாடையில் வெட்டிவிட்டேன். அவர்கள் கோணல் வாயால், “உங்கக்கா கை வேறம்மா” என்றார்கள். கோபித்துக்கொண்டு அன்று முழுவதும் அவர்களோடு பேசவில்லை. கடையைப் பெரிதாக்கினேன். இன்று பாஸ்போர்ட், விசா எல்லாம் கணினியிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் விண்ணப்பத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “மலையில எத்தன வருசம் இருந்தீக?” என்பதுதான். இருந்ததே இல்லை என்று சாதிப்பார்கள். விடமாட்டேன், குடைந்து குடைந்து கேட்டால் நாலு வருடம், ஆறு வருடம் என்று வெளியே வரும்.

2010இல் அத்தா மவுத்தானார்கள். அடக்கத்துக்கு அக்காவால் வரமுடியவில்லை, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குத்தான் வந்தாள். எல்லோரும் போன பிறகு சோறாக்கிய தேக்சாக்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு என்ன தோன்றியதோ, “அந்தக் கடிதத்த பதினோரு நாள் வச்சிருந்தேனே, ஏன்னு நீ ஒரு நாளும் கேக்கலையேக்கா” என்றேன்.

“எனக்குத்தான் நாலாம் நாளே தெரியுமே” என்றாள். “தபால்காரரு பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு, கனடாத் தபால் உந்தங்கச்சிட்ட குடுத்தேன், மிட்டாய் எங்கன்னாரு.”

கையிலிருந்த தட்டைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டுத் திரும்பினேன். “தெரிஞ்சுமா கேக்காம இருந்த? நாள் போய்க்கிட்டே இருந்துச்சே!”

“நீயாக் குடுத்தாத்தான் போறதுன்னு இருந்தேன். கேட்டு வாங்கிட்டுப் போனா, அத்தாவயும் உந்தலையில கட்டிட்டுப் போன மாதிரில்ல ஆயிரும். குடுக்கலைன்னா நான் இருந்துக்கிறது, நீ கோயம்புத்தூர் போகட்டும். அதான் அன்னைக்கு அந்த ஒப்பந்தத்த எடுத்துட்டு வந்தேன்.”

நான் அன்று கொடுத்தது நல்ல மனசால் அல்ல. தாங்கமுடியவில்லை, பயந்துவிட்டேன், அவ்வளவுதான். அந்த ஒப்பந்தப் பக்கத்தை இன்னும் ஐந்து நிமிடம் தொடர்ந்து அடித்து முடித்திருந்தால் என் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். “குடுத்துட்டமேன்னு வருத்தமாடி?” என்றாள்.

“ஆமாக்கா, வருத்தமாத்தான் இருக்கு” என்றேன். இதை மட்டும் ஒரு நாள்கூட வைத்திருக்காமல் அவளிடம் கொடுத்துவிட்டேன்.