காது சொறியும் நேரம்

ரங்கூன் பசுண்டாங் ஓடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஒரு பெரிய வாளை மீன், மரத்தில் செதுக்கி முள் மாட்டிய என் பொய்மீனின் பின்னாலேயே வந்து, கவ்வாமல் திரும்பிப் போனது. நாலாவது ஞாயிறு, என் சம்பான் படகுக்குப் பக்கத்துச் சம்பானில் துறைமுகக் கிரேன் டிரைவர் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். கரி படிந்த கைகள், சிவந்த கண்கள். கோலை வெடுக்கென்று இழுப்பார். உடனே கயிற்றைத் தளர்த்திவிட்டு இடது காதைச் சொறிவார். மறுபடி இழுப்பார், மறுபடி சொறிவார்.

"என்னா அண்ணே, மீனுக்குத் தொட்டிலா ஆட்டுறீங்க?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "வெடுக்குன்னு இழுத்துட்டு சும்மா விடுங்க. அடிபட்ட மீனு மாதிரி தள்ளாடணும்."

"எவ்வளவு நேரம் விடணும்?" என்று கூச்சத்தோடு கேட்டேன்.

"காதைச் சொறியிற நேரம்."

அப்படியே செய்தேன். வாளை என் சம்பான் வரைக்கும் வந்துவிட்டது. நான் பொய்மீனைத் தூக்கப் போனேன்.

"தூக்காதீங்க! கோல் முனையால தண்ணிக்குள்ளயே சுத்துங்க!"

இரண்டாவது சுற்றில் வாளை பாய்ந்து கவ்வியது! வாழ்நாளில் உரக்கப் பேசாத நான் கரை அதிரக் கத்தினேன். மீனைச் சம்பானில் ஏற்றிவிட்டுப் பெயர் கேட்கலாமென்று நிமிர்ந்தால், அவர் ஓடையின் வளைவைத் தாண்டியிருந்தார்.

இன்றும் கோலை இழுத்ததும் என் இடது கை தானாகக் காதுக்குப் போகிறது. அவருக்கு உண்மையிலேயே காது அரித்ததா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.