செமோரின் சத்தம் போடாத ஆடுகள்

நாற்பத்திரண்டு வயதில் நான் மீண்டும் மாணவியானேன். மலேசியாவின் ஈப்போவில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்துவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு முதுகலை ஆய்வில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அரசாங்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஆட்டு இரத்தம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா, "ஏன், ஆட்டுக்கு என்ன வருத்தம்?" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்துப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். ஆடுகளுக்கு ஒரு நோயும் இல்லை என்றேன். அப்படியானால் ஏன் குத்த வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை.

நான் தேடப் போனது தடயங்களை. ஒரு மந்தையில் ஆட்டுக்கு ஆடு மரபணு எழுத்துகள் அங்கங்கே மாறியிருக்கும். ஏதோ ஒரு குணம் பிழைத்துக்கொள்ள உதவினாலோ, வளர்ப்பவருக்குப் பிடித்துப்போனாலோ, அந்தக் குணமுள்ளவையே பெருகும். சில தலைமுறைகளில் அந்த இடத்தைச் சுற்றியுள்ள எழுத்துகள் மந்தை முழுவதும் ஒரே மாதிரி ஆகிவிடும். அந்தத் துண்டைக் கண்டுபிடித்தால், அங்கே இயற்கையோ மனிதரோ எதையோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

ஈப்போவுக்குப் பக்கத்துச் சிற்றூரான செமோருக்கு அப்பால், முன்பு ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்த இடத்தில் இப்போது பாதி எண்ணெய்க்கான செம்பனை, பாதி தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகள். அதன் ஓரத்தில்தான், நான் அக்கா என்று கூப்பிட்ட ஆட்டுக்காரப் பெண்மணியின் கொட்டகை. ஐம்பது வயதைத் தாண்டியவர். காலையில் தொழிற்சாலை கேன்டீனில் சமையல், மதியத்துக்கு மேல் முப்பது நாட்டாடுகள். முதல் நாள் என் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அத கழட்டிருங்க. இங்க அது பொழைக்காது" என்று தன் ரப்பர் பூட்ஸைக் கொடுத்தார்.

இரத்தம் எடுக்க ஊசியைக் குத்தினேன். ஆடு மென்றுகொண்டே நின்றது. அடுத்ததும் அப்படியே. முப்பதில் ஒன்றுகூடக் கத்தவில்லை.

"கத்துறது, வேலி தாண்டுறது ரெண்டையும் நான் வச்சிக்கிறதில்ல டீச்சர்" என்றார் அக்கா. "இருவது வருஷத்துக்கு முன்ன தாமான் வந்ததுலேருந்து பக்கத்து வீட்டுச் சீன அங்கள் தூங்க முடியலன்னு வந்து நிப்பாரு. கத்துற குட்டியத்தான் மொதல்ல வித்துருவேன்லா."

ஊசியைக் கீழே வைத்துவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். இருபது வருடமாக இந்த அம்மாள் தனக்கே தெரியாமல் சாதுவான ஆடுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

சில மாதங்களில் முடிவு வந்தது. எல்லா ஆடுகளிலும் ஒரே மாதிரியான ஒரு நீண்ட துண்டு. அதற்குள் பயத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு மரபணு. ஆய்வகத்திலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் கேன்டீன் முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த முறை போனபோது, ஆடுகளைச் சத்தம் போடாமல் ஆக்கிய டீச்சர் என்று அந்தச் சீன அங்கள் எனக்கு ஒரு பை நிறையப் பொமலோப் பழம் கொடுத்தார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

என் பேராசிரியர் முடிவுகளின் மரபணு வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கிடா எத்தனை?

நான் அதை விசாரிக்கவே இல்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஒன்னுதான்" என்றார் அக்கா. "அதுக்கு முன்னாடி அதோட அப்பன்."

அன்றிரவு முடிவுகளை மறுபடியும் திறந்துவைத்து உட்கார்ந்தேன். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளிடம் ஒரே மாதிரி துண்டுகள் இருக்கத்தான் செய்யும். அதற்குத் தேர்வு எதுவும் வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்தால், அப்படிப்பட்ட துண்டுகள் மரபணுத் தொகுதி முழுக்கக் கிடந்தன. நான் பார்க்க விரும்பிய ஒன்றை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் புல்லைக் கட்டிக்கொண்டே கேட்டார். "அப்ப எல்லாம் ஒரே குடும்பம்னு சொல்றீங்க. அது மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதே."

"நீங்க தேர்ந்தெடுத்தது பொய்யின்னு சொல்லல அக்கா. இந்த இரத்தத்த வச்சு நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான்."

"அப்ப வேற எடத்து ஆட்டையும் பாருங்க. பாகான் டத்தோவுல என் நாத்தனா வீட்டுல இருக்கு. இங்கேருந்து ஒரு குட்டிகூட அங்க போனதில்ல. சனிக்கெழம போலாம், நானும் வாரேன்."

என் காரில் போனோம். வழியெல்லாம் அவர் எனக்குக் கிடாக்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த அந்த வீட்டு ஆடுகள் எங்களைக் கண்டதும் போட்ட கூச்சலில் நாத்தனார் பேசியதே காதில் விழவில்லை. ஒன்று என் கார் மேலேயே ஏறி நின்றது. அக்கா என்னைப் பார்த்து, வாயைத் திறக்காமல் சிரித்தார்.

அங்கேயும் இரத்தம் எடுத்துவந்து இரண்டு மந்தைகளையும் ஒப்பிட்டபோது செமோரின் நீண்ட துண்டுகள் பாகானில் இல்லை. ஆனால் ஒரே ஒரு குட்டைத் துண்டு இரண்டிலும் இருந்தது; உறவில்லாத மந்தைகள் என்பதால் இதை ஒரே குடும்பம் என்று தள்ளிவிட முடியாது. குடற்புழுவை எதிர்க்க உதவும் மரபணுக்கள் உள்ள பகுதி. எங்கள் மழைக்கும் ஈரப்புல்லுக்கும் ஆடுகள் புழுவில்தான் அதிகம் சாகும். சாகாமல் மிஞ்சியவை போட்ட குட்டிகள் இவை. அதை யாரும் வேண்டுமென்று தேர்ந்தெடுக்கவில்லை. பேராசிரியரும் ஒப்புக்கொண்டார், 'இருக்கலாம்' என்ற சொல்லை மூன்று இடங்களில் சேர்க்கச் சொல்லிவிட்டு.

ஒரே குடும்பமாகவே இருந்தால் குட்டிகள் பலவீனமாகும் என்று நான் சொல்லியிருந்ததால், அக்கா நாத்தனாரிடமிருந்து ஒரு கிடாவை வரவழைத்தார். அது வந்த மறுநாள் காலை அங்கள் வேலியருகே வந்து நின்றார். அக்கா அவரை என் பக்கம் திருப்பிவிட்டார்: "டீச்சர்தான் கொண்டாரச் சொன்னாங்க."

நான் மலாயில் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இது எத்தனை நாளைக்கு இப்படிக் கத்தும் என்று கேட்டார். தெரியாது என்றேன். இந்த முறை பொமலோ கிடைக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரே வாரத்தில் நாலு குட்டிகள், எல்லாம் துறுதுறுவென்று. எது கத்துகிறது, எது கத்தவில்லை என்று அக்கா இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார். கத்துவதையும் விற்காமல் வைத்திருக்கிறார். "இப்ப ஒழுங்கா பாப்போம்லா" என்றார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். என் முதல் வருடக் குறிப்புகளைவிடச் சுத்தமாக இருந்தது.