ராயப்பேட்டையிலிருந்து செங்கல்பட்டு ஏரிக்கரைக்கு: நடுவில் ஒரு வீடு

கணவன் ஓர் ஊரிலும் மனைவி ஓர் ஊரிலும் வேலை பார்ப்பவர்கள், "நடுவில் செங்கல்பட்டில் வீடு பார்க்கலாமா?" என்று எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அதைத்தான் செய்தோம். போன கதையைச் சொல்கிறேன். முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு தி.நகரில் ஒரு வங்கியில் வேலை, ராயப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். கணவர் காஞ்சிபுரத்தில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். அங்கேயே லாட்ஜில் தங்கியிருந்தார். சனிக்கிழமை இரவு வருவார், திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். கல்யாணமாகி மூன்று வருஷம் இப்படியே ஓடியது. "வாரத்துக்கு ஒருநாள் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறேன். போதும் சுமதி" என்று சொல்லி, அவர்தான் செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கம் வீடு பிடித்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டைக் கழுவி வைக்க அவர் முன்னாலேயே போயிருந்தார். சாமான்களோடு நான் டெம்போவில், டிரைவர் பக்கத்தில். அண்ணா சாலை, சைதாப்பேட்டைப் பாலம், தாம்பரம், வண்டலூர் என்று ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பரனூர் தாண்டியதும் ஏரி தெரிந்தது. வானம் மூடியிருந்ததால் தண்ணீரும் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"இன்னாம்மா, கடல் கணக்கா கீது! ஆனா நீ டெய்லி தி.நகர் போய்க்கினு வந்துக்கினு இருந்தா இத்தப் பாக்க ஏது டைமு?" என்றார் டிரைவர்.

"ஏரியைப் பாக்க வரலைங்க. அவரோட இருக்கத்தான் வரேன்."

காலை ஏழே காலுக்கெல்லாம் நான் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். மாம்பலம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், ரயில் சொன்னபடி வந்தால். மாலையில் வீடு திரும்ப எட்டாகிவிடும். அவருக்கோ இரண்டாவது ஷிப்ட். காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் என்பதால் மதியமே கிளம்புவார், நடுராத்திரி திரும்புவார். வாசல் கதவில் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு, ஆளுக்கொரு சாவி. என் தூக்கம் கெடக் கூடாதென்று கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். காலையில் அவரைத் தாண்டித்தான், கொலுசு சத்தம் கேட்காமல், நான் வெளியே போவேன். ஞாயிற்றுக்கிழமை அசதியில் இரண்டு பேரும் தூங்கினோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு மாலை தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, ரயில் தாம்பரத்தோடு நின்றுவிட்டது. பஸ்ஸும் போகவில்லை. வீட்டில் போன் கிடையாது. மில் போன் கிடைக்கவில்லை. ஈரப் புடவையோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் பதறிப்போய்த் தேடுவாரே என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

மறுநாள் பதினொரு மணிக்கு மேல்தான் வீடு வந்து சேர்ந்தேன். சாப்பாட்டுப் பையோடு அவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, சீக்கிரமே வந்துட்ட! மழைன்னு ஆபீஸ் லீவு விட்டுட்டாங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்ததால் நான் உள்ளே தூங்குவதாக நினைத்திருக்கிறார். காலையில் எழுந்தபோது, வழக்கம்போல் நான் கிளம்பிப் போய்விட்டதாக நினைத்திருக்கிறார்.

"நேத்து நான் வீட்டுக்கே வரலைங்க" என்றேன்.

அவர் என் புடவையைப் பார்த்தார். சேறு காய்ந்திருந்த விளிம்பைப் பார்த்தார். பூட்டைத் திறந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தெரியலையே சுமதி... எனக்குத் தெரியவே இல்லையே" என்றார். கோபப்படத்தான் நினைத்தேன். அவர் என்றைக்காவது வராமல் போயிருந்தால் எனக்கு மட்டும் தெரிந்திருக்குமா என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று அவர் பஸ்ஸைத் தவறவிட்டார்.

தை பிறந்ததும் காலி செய்தோம். நான் ராயப்பேட்டைக்கு, அவர் லாட்ஜுக்கு.

போகிறவர்களுக்கு: ஏரிக்கரை வீடு என்றால் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுங்கள். கையில் செல்போன் இருந்தாலும், பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றை வாங்கி வையுங்கள். இரண்டு ஆபீஸுக்கும் எவ்வளவு தூரம் என்று எல்லோரும் பார்ப்பார்கள், நாங்களும் பார்த்தோம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் விழித்திருக்கப் போகிற நேரம் எவ்வளவு என்று நாங்கள் பார்க்கவில்லை.