கேஸ் வாசனையையும் கவனித்தேன்

மற்றவர்கள் சினிமாவுக்குப் போவதுபோல நான் ஞாயிறுதோறும் ஏதாவதொரு தியான வகுப்புக்குப் போவேன். ஒரு பொழுதுபோக்குதான். கடைசியாகப் போன இடத்தில், "எது வந்தாலும் எழுந்திருக்காதீர்கள், சும்மா கவனியுங்கள்" என்றார்கள்.

மறுநாள் மனைவி வேலைக்குப் போனபின், ஈஜிபுராவில் உள்ள எங்கள் வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. கேஸ் வாசனை வந்தது. கவனித்தேன்.

பக்கத்து வீட்டு சரோஜா அக்காதான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ரெகுலேட்டரை மூடினார்.

"என்னா தம்பி, நாத்தம் தெரு வரைக்கும் வருது! உள்ள கொழந்த தூங்குதுல்ல?"

என் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். காற்று பட்டதும் அவள் அழுதாள். அக்காவும் அழுதார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

இப்போது வகுப்புகளுக்குப் போவதில்லை. பால் காயும்வரை அடுப்பருகிலேயே நிற்கிறேன். அன்று வந்திருக்க வேண்டிய பயம் இன்னும் வரவில்லை.