எதிர்ப்பக்கத்துச் சிப்பாய்

ஒவ்வொரு நவம்பரிலும் என் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் வரும். உலகப் போர் முடிந்ததையும் அதில் மடிந்தவர்களையும் நினைக்கும் ஞாயிற்றுக்கிழமை, பழைய படைவீரர்கள் மலாக்கா திடலுக்கு வந்து அணிவகுக்க வேண்டும் என்று. நான் அவருடைய காக்கி உடுப்புக்குக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுப்பேன். நட்சத்திரப் பதக்கங்கள் இரண்டையும் புளி போட்டுத் துலக்குவேன். அது என்ன குத்துவிளக்கா என்று கோபித்துக்கொள்வார். அவர் சைக்கிளேறிப் போனதும், காஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரங்களை நங்கு நங்கென்று வைப்பேன்.

காரணம் இதுதான். நானும் சிப்பாயாக இருந்தவள். அவர் வெள்ளைக்காரன் படையில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்ததும் கைதியானார். இந்தியாவின் விடுதலைக்கென்று வெள்ளைக்காரனை எதிர்த்துத் திரண்ட படையில் சேரச் சொன்னபோது, செய்த சத்தியத்தை மாற்ற மாட்டேன் என்று மறுத்து அடி வாங்கினார். அதே படையின் பெண்கள் பிரிவில், பதினேழு வயதில், அப்பாவிடம் மன்றாடிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சேர்ந்தவள் நான். போருக்குப் பின் பெரியவர்கள் எங்கள் ஜாதகங்களைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். இதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

கல்யாணமானதும் எங்களுக்குள் ஓர் ஊமை ஒப்பந்தம் வந்துவிட்டது. அவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை. மேலே இருந்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம் வேறு. துப்பாக்கி பிடித்த பெண் என்று தெரிந்தால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்தார். அந்தப் பேச்சே வேண்டாம் என்பார். நானும் விட்டுவிட்டேன். விட முடியாதது ஒன்றுதான். பர்மாவில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட என் கூட்டாளி. படை பின்வாங்கியபோது விமானங்களுக்குப் பயந்து பகலில் பதுங்கி, இருட்டில் நடந்தோம். வழியில் காய்ச்சல் கண்டு அவள் விழுந்தாள். சாப்பாட்டுத் தட்டுகளால் மண்ணைத் தோண்டிப் பாதையோரம் புதைத்தோம். அவளுக்கு அணிவகுப்பும் இல்லை, மலர்வளையமும் இல்லை. என்னைத் தவிர இன்னும் ஒரு மனிதராவது அவளுக்காக ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருடம் வந்த கடிதத்தில் மனைவிமார்களையும் அழைத்திருந்தார்கள். முடியவே முடியாது என்றேன். சல்யூட் அடிக்க வேண்டாம், சும்மா வந்து நின்றால் போதும் என்று கெஞ்சினார். இரண்டு நாள் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பல தலைமுறைகளுக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய வம்சத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவுக்குத் தமிழ் வராது. என் மகளைத் தான் பார்த்துக்கொள்வதாக மலாயில் சொல்லி, சேலையில் குத்திக்கொள்ளத் தன் தங்க ஊசியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதற்குமேல் மறுக்க வழியில்லை. வீட்டுக்காரருக்கு இரண்டு பதக்கம், எனக்கு இரவல் ஊசி என்று கிளம்பினேன்.

திடலில் எங்களுக்குப் பந்தலும் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். நேரம் வந்ததும் எழுந்து நின்றோம். ஓர் அதிகாரி ஆங்கிலத்தில் ஆணையிட்டார். எங்கள் படையில் ஆணைகள் இந்துஸ்தானியில்தான் வரும். ஆனால் உடம்புக்கு மொழி ஏது? அந்த அதட்டலே போதும். என் குதிகால்கள் டக்கென்று சேர்ந்தன. கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. கைப்பை புல்லில் விழுந்தது. மற்ற பெண்கள் தலைகுனிந்து நிற்க, நான் மட்டும் மார்பை நிமிர்த்தி நின்றேன். யாருடைய மேளத்துக்கு ஆடுகிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனாலும் தளர முடியவில்லை. மடிந்தவர்களுக்காக அனுசரித்த அந்த இரண்டு நிமிட மௌனத்தில் என் கூட்டாளியைத்தான் நினைத்தேன். வரிசையில் நின்ற என் வீட்டுக்காரரின் பார்வை நேரே இருந்திருக்க வேண்டும். அது என்மேல் இருந்தது.

பிறகு தேநீர் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் எங்களிடம் வந்தார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர். உங்கள் மனைவி நின்ற விதத்தைப் பார்த்தேன், போரில் தாதியாக இருந்தாரா என்று அவரிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும். நான் முந்தானையைப் பார்த்தபடி அந்த ஆமாமுக்காகக் காத்திருந்தேன். அது வந்தால் இனி அந்தக் காக்கி உடுப்பைத் தொடுவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன்.

"இல்ல டாக்டர், சிப்பாய்" என்று என் வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். கூடவே, "எங்களுக்கு எதிர்ப்பக்கம்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்துவிட்டு வேறு ஆட்களிடம் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் கையிலிருந்த தேநீர் தளும்பி, நான் கஞ்சி போட்ட சட்டையில் கொட்டியது.

டிரைஷா என்ற மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் வீடு திரும்பினோம். அவருடைய வேலைக்கு என்ன ஆகுமோ என்று நான் கலங்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"தூக்கத்துல, 'அவளுக்குத் தண்ணி குடுங்க'ன்னு சொல்லுவியே. அவ பேரு என்ன?"

பன்னிரண்டு வருடமாக வாய்விட்டுச் சொல்லாத பெயரைச் சொன்னேன். அவர் அதை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம், அந்த ரெண்டு நிமிஷத்துல ஒரு நிமிஷம் அவளுக்காக நிக்கறேன்" என்றார்.

"ஒரு நிமிஷந்தானா?" என்று அழுதுகொண்டே அவரோடு சண்டைக்குப் போனேன்.