மாமாவின் இரும்பு அலுமாரி

எங்கள் வீட்டில் நகை குவிந்து கிடக்கிறது என்று லண்டனில் உள்ள எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் நம்பியதற்கு முழுக் காரணம் அம்மாதான். உண்மையில் எங்களிடம் இருந்தது அம்மாவின் தாலிக்கொடியும், இரண்டு சோடிக் காப்பும், என் பிறந்தநாளுக்கு யாரோ போட்ட ஒரு மெல்லிய சங்கிலியும்தான். ஆனால் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு மேல்மாடிச் சின்ன அறையில், சுவரோடு சேர்த்து முறுக்கிப் பூட்டிய ஓர் இரும்பு அலுமாரி இருந்தது. பாத்ரூமுக்கென்று மேலே போகிறவர்கள் கண்ணில் அது படாமல் போகாது. இதென்ன இவ்வளவு பெரிய பூட்டு என்று கேட்டால், அம்மா முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் "நகை வைக்கிறது" என்று சொல்லிவிடுவார்.

அதற்குள் இருந்தது துவக்கு. எங்களோடேயே இருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, மான் வேட்டைக்குக் கொண்டுபோகிற துவக்கு. பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, அலுமாரியை ஆட்டிப் பார்த்து, அம்மா பொரித்துக் கொடுத்த ரோல்ஸையும் சாப்பிட்டுவிட்டு அனுமதி கொடுத்த, முற்றிலும் சட்டப்படியான துவக்கு. இருந்தாலும் அதை வெளியில் சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இஞ்சை வந்து காசு குடுத்து ஒண்டை வாங்கி மேல்மாடியிலை வைச்சிருக்கிறம் எண்டு சொல்ல ஏலுமே?" என்பார். சொன்னால் ஆட்கள் மாமாவைப் பற்றி என்னென்ன கதை கட்டுவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே துவக்கு நகையாயிற்று. மாமா கொண்டு வரும் மான் இறைச்சி ஆட்டிறைச்சியாயிற்று. கொழுப்பே இல்லாத இந்த ஆடு எந்தக் கடையில் என்று கேட்டவர்களிடம் அம்மா ஃபாரஸ்ட் கேட் பக்கம் ஒரு கடை என்று கையைக் காட்டிவிடுவார். பாவங்கள், எத்தனை பேர் அந்தக் கடையைத் தேடி அலைந்தார்களோ தெரியாது.

மாமாவுக்கு இந்தப் பழக்கம் வந்தது பஸ் டிப்போவில் அவரோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்கார மெக்கானிக்கால். வயதான மனிதர், மனைவி இல்லை. விடுமுறைக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு தூரத்துக் காட்டுப் பக்கம் போவார். மாமாவும் கலியாணம் கட்டாத ஆள், அதிகம் வாய் திறக்காத ஆள். இரண்டு பேரும் ஒருநாள் முழுக்க ஒரு மரத்தடியில் பேசாமல் கிடந்துவிட்டு வந்து, நல்லாக் கதைச்சனாங்கள் என்று சொல்லக்கூடிய சோடி. தோட்டாவைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்யவும் மாமாவுக்கு அவர்தான் பழக்கினார்.

சனிக்கிழமை அம்மாவுக்குப் பராமரிப்பு இல்லத்தில் ஷிப்ட். அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம், அது முடிந்தால் மாமா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். எனக்குப் பத்து வயது இருக்கும். அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி ஒருத்தரும் இல்லை. வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகள் சனி பின்னேரம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் விளையாடுவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவரையும் கூப்பிட முடியாது, அலுமாரி இருக்கிறதே. என்னையும் ஒருவரும் கூப்பிடவில்லை. ஆக எனக்கு இருந்த ஒரே கூட்டு, சின்ன அறைக்குள் மாமாவும், அறை வாசலுக்கு வெளியே கார்ப்பெட்டில் நானும். வாசலைத் தாண்டி உள்ளே ஒரு கால் வைக்கக்கூடாது, ஒன்றையும் தொடக்கூடாது. அதில் மட்டும் மாமா பொல்லாதவர்.

மேசையில் முறுக்கிய ஒரு பொறி, அதற்கு ஒரு நீளக் கைப்பிடி. மாமா தோட்டாவின் வெறும் பித்தளைக் கோதைப் பொறியில் வைத்து அழுத்துவார். சின்னத் தராசில் வெடிமருந்தை நிறுப்பார், தராசின் முள் அசைந்து அடங்கும் வரை மூச்சையும் அடக்கிக்கொண்டு பார்ப்பார், பிறகு புனல் வைத்துக் கோதுக்குள் விடுவார். கடைசியில் குண்டை மேலே வைத்து ஒரே அழுத்து. மருந்து நிறுக்கும்போது "இப்ப கதையாதை" என்பார். நானும் கதைக்க மாட்டேன். இருவரும் கதைக்காமல் இருக்கிற அந்த நேரம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் நான் கதைக்காமல் இருந்தால் யாரும் என்னோடு கதைக்கவில்லை என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை.

மாமா பாவித்தது பாரமான குண்டுகள், என் சின்ன விரல் அளவு நீளம். அவை மெதுவாகப் போகுமாம், இறைச்சியைச் சிதற வைக்காதாம். பாரமான குண்டு என்றால் நிறைய மருந்து போடவேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாமா மாறிச் செய்வதைப் பார்த்து, பிழை பிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஒருநாள் கேட்டேன்.

"பாரம் கூடினால் மருந்தைக் குறைக்கவேணும்" என்றார். "அது இடத்தை விட்டு அசையப் பஞ்சிப்படும். பின்னாலை நெருப்பு நெருக்கும். கூடப் போட்டால் துவக்கே தாங்காது."

அவர் என்னோடு இவ்வளவு நீளமாகக் கதைத்தது அபூர்வம். அதனால்தான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அந்த மாரியில் அந்த மெக்கானிக் செத்துப்போனார். மாமா அப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது, தலைமுழுகாமல் ஒன்றிலும் முட்டக்கூடாது என்று அம்மா அவரை வாசலில் இருந்து நேரே பாத்ரூமுக்கு அனுப்பினார். யார் செத்தது, எப்படிச் செத்தார் என்று ஒரு சொல் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் தானே என்று நினைத்தாரோ என்னவோ. நானும் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்த மாமா, தலை துவட்டிய துவாயைத் தோளில் போட்டபடி கனநேரம் கட்டிலில் இருந்தார்.

அதற்குப் பிறகு மாமா வேட்டைக்குப் போகவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் தோட்டா செய்தார். செய்தவற்றை என்ன செய்வது? இத்தனைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று அனுமதியில் ஒரு கணக்கு உண்டு. ஆகவே மாமா பிளாஸ்டிக்கில் ஒரு சுத்தியல் மாதிரிச் சாமான் வாங்கினார். அதன் தலைக்குள் தோட்டாவைப் பூட்டி, நிலத்தில் வைத்த மரக்கட்டையில் அடிப்பார். டொக், டொக். குண்டு கழன்று உள்ளே விழும். மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டுவார். அடுத்த சனிக்கிழமை அதே குண்டு, அதே கோது, அதே மருந்து, திரும்பவும் தோட்டா. அதற்கடுத்த சனி திரும்பவும் டொக், டொக். மாமா எங்கும் போகாமல் வீட்டிலேயே நிற்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இது இப்படியே போகவேண்டும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே ஆசை.

அதில் மண் போட வந்தார் கிங்ஸ்பரி மாமி. அப்பாவின் அக்கா. மாமி குடும்பம் ஊருக்கு இரண்டு மாதம் போகிறது. அவர்களின் தெருவில் தமிழ் வீடாகப் பார்த்துக் கள்ளர் புகுந்து நகை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மாமி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரிய பிஸ்கட் டின் ஒன்றோடு வந்து இறங்கினார். அட்டியல், பதக்கம், ஒட்டியாணம், மகளுக்குச் சேர்த்தது எல்லாம் அதற்குள்.

"உங்கடை பெட்டிக்குள்ளை ஒரு மூலையிலை கிடக்கட்டும் மச்சாள். அதைவிடப் பத்திரமான இடம் லண்டனிலை இல்லை" என்றார்.

அம்மா என்ன சொல்ல? இத்தனை வருடம் நகைப்பெட்டி என்று சொல்லியாயிற்று. "அதுக்கென்ன, தாராளமா வையுங்கோ" என்று டின்னை வாங்கி, மாமி போகும் வரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மாமி போனதும் அதைப் புட்டுமா வாளிக்குள் புதைத்தார். பிறகு மாமாவிடம் அலுமாரியைத் திறக்கிற திறப்பைக் கேட்டார்.

"ஏலாது அக்கா. திறப்பு என்னட்டை மட்டும்தான் இருக்கவேணும். சட்டம்."

"நீயே திற. ஒரு டின் வைக்க எவ்வளவு நேரம்?"

"நாளைக்கு அவை வந்து எடுக்கேக்கை நானெல்லோ திறந்து குடுக்கவேணும். உள்ளுக்கை என்ன கிடக்குது எண்டு பார்க்க மாட்டினமே?"

அப்பாவுக்குக் கோபம். தன் அக்கா கேட்ட ஒரு உதவியை இந்த வீட்டில் செய்யமுடியாதா என்று மாமாவையும், "நீர்தானே நகைப்பெட்டி எண்டு ஊரெல்லாம் சொன்னனீர்" என்று அம்மாவையும் மாறிமாறிக் கேட்டார். அம்மா அழத்தொடங்கினார். எல்லாருக்கும் முன்னால் தன் மானம் போகப்போகிறது என்றார். துவக்கைக் கொண்டுபோய் எங்காவது தொலை என்றும் தம்பியிடம் சொன்னார். நான் படியில் இருந்து, அம்மா தோற்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

மறுநாள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தால் மாமாவோடு நடந்து வரும்போது வீட்டு வாசலில் பொலிஸ் கார் நின்றது. எதிர்வீட்டு யன்னல் சீலை விலகியிருந்தது. மாமா என் புத்தகப் பையை வாங்கிக்கொண்டு, நடையைக் குறைக்காமல் போய்க் கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்டார். ஒரு பெண் பொலிஸ், ஓர் ஆண் பொலிஸ். மாமா அந்தப் பெண்ணோடு குசினிக்குள் போனார், கதவு சாத்தப்பட்டது. மற்றவர் மாமா கொடுத்த திறப்போடு மேலே போய், துவக்கையும் தோட்டாப் பெட்டிகளையும் மருந்து டப்பாக்களையும் ஒவ்வொன்றாகக் கீழே கொண்டு வந்தார். நான் படியில் ஒதுங்கி இருந்து, என் மாமாவைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறீர்களா என்று இங்கிலிஷில் கேட்டேன். அவர் குனிந்து, இல்லை, உன் மாமாதான் எங்களைக் கூப்பிட்டார் என்றார். குசினிக் கதவு கனநேரம் திறக்கவில்லை.

பின்னேரம் அம்மா வேலையால் வந்தபோது மேசையில் திறப்பு கிடந்தது. "இனி அது உங்கடை பெட்டி" என்றார் மாமா. அம்மா மேலே போய்ப் பார்த்தார். வெறும் அலுமாரி. இறங்கி வந்து, தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கே பிஸ்கட் டின் மா வாளியில் இருந்து எழும்பி அலுமாரிக்குள் போயிற்று. அம்மா வாழ்க்கையில் சொன்ன பொய் ஒன்று அவருடைய கண்ணுக்கு முன்னால் உண்மையானது.

அக்காவின் மானத்துக்காகத் துவக்கை விட்ட தம்பி என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். இப்போது துவக்கைப் பற்றிச் சொல்ல வெட்கம் இல்லை, அது வீட்டை விட்டுப் போய்விட்டதே. போன வருடம் ஒரு கலியாண வீட்டிலும் அதே கதை. திரும்பி வரும்போது மாமா என் காரில் இருந்தார். அவருக்குத் தலை நரைத்துவிட்டது. "மாமியின்ரை ஒட்டியாணத்துக்காக என்ரை சனிக்கிழமையை வித்துப்போட்டீங்கள்" என்று பகிடியாகச் சொன்னேன்.

மாமா சிரிக்கவில்லை.

"அந்த நாளையிலை எனக்கு அந்த அலுமாரியோடை ஒரு வீட்டுக்குள்ளை இருக்கப் பயமா இருந்தது" என்றார். "எனக்கு என்னிலைதான் பயம். பொலிசுக்குப் போன் எடுத்து அப்பிடித்தான் சொன்னனான். அந்தப் பொலிஸ் பிள்ளை நல்ல பிள்ளை, பிறகு போய் மனசிலை கிடக்கிறதைக் கதைக்க ஒரு இடமும் எடுத்துத் தந்தது. வீட்டிலை எப்பிடிச் சொல்லுறது? கொம்மா தாங்கமாட்டா. மாமி அந்த டின்னைக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு. சொல்ல ஒரு காரணம் கிடைச்சுது."

காரை ஓரமாக நிறுத்தவேண்டி வந்தது. எனக்கு ரோடு தெரியவில்லை. ஒன்றையும் தாங்கமுடியாமல் இருந்த ஒரு மனிதரின் அறை வாசலில், எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு நான் இருந்திருக்கிறேன்.

பொலிஸ் வந்த அந்தச் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு புட்டும் முட்டைக் குழம்பும். மாமா சாப்பிட்டு முடித்துக் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். "எத்தினை நாளைக்குப் பிறகடா வாய்க்கு ருசியாச் சாப்பிடுறாய்" என்று அம்மா பூரித்துப்போய் அள்ளி வைத்தார். மாமா அதையும் சாப்பிட்டார். குழம்பு நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு அருமையான சாமானை மத்தியானம் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு துளி கவலைகூட இல்லாமல் இப்படி இருந்து சாப்பிடுகிறாரே, இவருக்கு ஒன்றிலும் பற்று இல்லை, என்னிலும் இல்லை என்று முடிவு கட்டி, என் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.