கையெழுத்துப் போடாமல் அம்மனிடம் சண்டைக்குப் போனேன்

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நாகராஜனின் மனைவி. சொல்லும்போது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, போன ஆனியில்தான் முதன்முதலாக உண்டானேன். ஒன்பதாவது வாரம் துடிப்பு நின்றுவிட்டது. மருந்து கொடுத்து வெளியேற்றினார்கள். அழக்கூட விடாமல் மாமியார் அன்றே ஆரம்பித்தார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலைக்குக் கிளம்பி, அடிவாரத்தில் கல்லாறு வரை போய்த் திரும்பியிருந்தோம். "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அந்த விதுரா ரோட்டுல குலுங்கிக் குலுங்கிப் போனா நிக்குமா?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஆறுதல் சொல்ல வந்தவர்களும் தலையாட்டினார்கள்.

ஆறு வாரமாகியும் உதிரம் நிற்கவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கலர் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைச் சுவரின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாக எரிந்தது. பிள்ளைக்காகப் பெருகிய ரத்த ஓட்டம், பிள்ளை போன பிறகும் அடங்கவில்லையாம். என்னை உள்ளே படுக்கவைத்துவிட்டு டாக்டர் வெளியே போய் என் கணவரிடமும் மாமியாரிடமும் பேசினார். சுத்தம் செய்தால் ரத்தம் கொட்டும், கர்ப்பப்பையை எடுப்பதுதான் பாதுகாப்பு, வியாழக்கிழமை வாருங்கள், ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி வையுங்கள். காரில் ஏறிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"உயிர் பெருசா, கர்ப்பப்பை பெருசா? எடுத்துப் போடட்டும்" என்றார் மாமியார்.

"என் வயிறு. என்கிட்ட ஏன் யாரும் கேக்கல?"

"டாக்டர் சொல்லும்போ நான் என்ன செய்யதுக்கு?" என்றார் கணவர், என் முகத்தைப் பார்க்காமல்.

செவ்வாய்க்கிழமை காலை ஃபைலைத் தூக்கிக்கொண்டு தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போனேன். உதிரம் இருக்கும்போது உள்ளே போகக்கூடாது. அதுவும் எரிச்சலாக இருந்தது. வெளியே, செருப்பு விடும் இடத்தில் நின்றேன். அங்கிருந்து விளக்கு மட்டும் தெரிந்தது. வேண்டிக்கொள்ளத்தான் போனேன், வாயில் வந்தது சண்டை.

"நீயும் பொம்பளதானே? கொடுத்தே, எடுத்துக்கிட்டே. இப்போ அது இருந்த இடத்தையும் எடுக்கப்போறியா? இந்த ரத்தத்த நிறுத்து. இல்லேன்னா இனி உன்னக் கும்பிடமாட்டேன்!"

சத்தமாகத்தான் சொன்னேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொழுதுவிட்டு வெளியே வந்த ஒரு மலையாளிப் பெண், செருப்பை மாட்டாமல் என்னிடம் வந்தாள். "எந்து பற்றி சேச்சி?"

என்ன ஆயிற்று என்று என்னிடம் ஒருத்தர் கேட்டது அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் பெயர் ஷீபா, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஃபைலைப் பிரித்துப் பார்த்தாள். "வேற ஒரு டாக்டரும் இத பாக்கணும் சேச்சி. நாளைக்கு எட்டு மணிக்கு ஓபிக்கு வாங்க. நான் அவிடே உண்டு, அங்கதான் இருப்பேன்."

"நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி" என்று கணவரிடம் சொன்னேன். அவர் கடையைத் திறக்காமல் கூட வந்தார்.

ஓபியில் இருந்த டாக்டரம்மா முதலில் என் கையைப் பிடித்தார். எனக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினார். "கர்ப்பம் உண்டாகும்போ அங்க ரத்த ஓட்டம் கூடும். கர்ப்பம் போனாலும் சிலருக்கு அது குறைய நாள் பிடிக்கும். உங்களுக்கு ஹார்மோன் குறைஞ்சு வருது, ப்ளீடிங்கும் கம்மி. காத்திருந்து பாக்கலாம். பக்ஷே... ஆனா, திடீர்னு கூடினா உடனே இங்க ஓடி வரணும். பேடிக்கண்டா, பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்."

"ரோட்டுல குலுங்கினதாலயா டாக்டர்?"

"ஆரு பறஞ்சு, யார் சொன்னா? அதுக்கும் இதுக்கும் ஒரு பந்தமும் இல்ல."

கணவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று வீட்டில், "அம்மா, இனி அந்தப் பேச்சு இங்க வேண்டாம்" என்றார். ஏழு வருஷத்தில் அவர் அம்மாவிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை நான் போகவில்லை. தினமும் பயந்தேன், தினமும் அம்மனைத் திட்டினேன். மூன்றாவது வாரம் உதிரம் நின்றது. ஸ்கேனில் அந்த நிறம் பாதிகூட இல்லை. அடுத்த மாதம் அந்தச் சுவர் சாதாரணமாக இருந்தது. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நேராகக் கோயிலுக்குள் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நன்றி சொன்னேன். அவள் அதை வாங்கிக்கொண்டாள் என்றே நினைக்கிறேன்.

சிலருக்கு அந்த ஆபரேஷன் அவசியமாக இருக்கலாம். என்னைக் கேட்காமல் எனக்கு நாள் குறித்தார்களே, அதுதான் என் கோபம்.

"குழந்தை பிறந்த பிறகு வந்து சாட்சி சொல்லேன்" என்று இங்கேயே இரண்டு பேர் சொன்னார்கள். பிறக்குமோ பிறக்காதோ, எனக்குத் தெரியாது. கேட்டது கிடைத்தது; அதைச் சொல்ல எதற்குக் காத்திருக்க வேண்டும்?

சகோதரிகளே, அம்மனிடம் கோபம் இருந்தால் மறைக்காதீர்கள், அவளிடமே கொட்டுங்கள். தாங்குவாள். வழியும் காட்டுவாள். மலையாளம் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். புதன்கிழமை காலையில் நான் அந்த ஓபி வரிசையில்தான் யாருக்காவது துணையாக நின்றுகொண்டிருப்பேன்.